சீட்டில் வந்த பக்கம்

பல்கலைக்கழகத்தின் இரண்டு பேருந்துகள் எங்களைச் சென்னையிலிருந்து ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் பக்கமாகத் திரும்பியபோது, அந்தப் பேருந்துகளில் வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். வடக்குப்பட்டு என் ஊர். மாநாடு நடக்கவிருந்த தொழிற்சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். இருந்தும் அன்று நான் விடுதியிலிருந்து, சட்டைப் பையில் குத்த வேண்டிய பெயரட்டையைப் புடவைத் தலைப்பில் குத்திக்கொண்டு, என் ஊருக்கே விருந்தாளியாக வந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

1991ஆம் ஆண்டு அது. மே மாதத்துப் படுகொலைக்குப் பிறகு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே விடுதியில் பேச்சு ஒரு கணம் நின்றுபோகும். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அன்று இரவு நான் விடுதி அறையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்று எத்தனை முறை சொல்வது? ஆகவே, தொழில் முனைவோர் மாநாட்டை ஒரகடத்துக்கு அருகே நடத்தப்போகிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்தவுடன், எங்கள் பகுதியைப் பற்றி வேறொரு பேச்சு எழச் செய்யும் பொறுப்பு என்னுடையது என்று தீர்மானித்தேன். அந்தப் பொறுப்பை எனக்கு எவரும் கொடுக்கவில்லை.

மாநாட்டின் நோக்கம் எளிது. எங்கள் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, வேலைக்குப் போகாமல் சொந்தமாகத் தொழில் தொடங்கிய பழைய மாணவர்கள் ஏழு பேர், இறுதியாண்டு மாணவர்களைச் சந்திப்பார்கள், தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள், முடிந்தால் கைகொடுப்பார்கள். லைசென்ஸ் முறை தளர்ந்துவிட்டது, இனி எவரும் தொழில் தொடங்கலாம் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஏழு பேரில் ஒருவர் தம் தொழிற்சாலையின் கேன்டீன் கூடத்தையே மாநாட்டுக்குக் கொடுத்திருந்தார். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அவரை இங்கே முதலாளி என்றே குறிப்பிடுகிறேன். அன்று எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

முதலாளி முன்கூட்டியே ஒரு வாக்குறுதி அனுப்பியிருந்தார். தொழிற்சாலையின் பின்புறம் ஒரு ஷெட் காலியாக இருக்கிறது. அச்சின் மேல்பாதி கீழ்ப்பாதியின்மீது பிசகாமல் இறங்குவதற்கு வழிகாட்டும் சிறிய உருக்குக் குழல் ஒன்று உண்டு; அதற்குக் கைடு புஷ் என்று பெயர். மாநாட்டு நாளில் யார் சரியான மாதிரியைக் கொண்டுவந்து காட்டுகிறார்களோ, அவர்களுக்கு அந்த ஷெட்டும், ஓராண்டுக்குக் கைடு புஷ் ஆர்டரும் கிடைக்கும்.

அந்த ஷெட்டுக்காகத்தான் நானும் என் கூட்டாளியும் நான்கு மாதங்கள் உழைத்திருந்தோம். அவன் வாலாஜாபாத்துக்காரன், என் வகுப்பு. அவனுடைய அப்பா அங்கே ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். கடைசல் வேலை அவனுடையது. கடிதம் எழுதுவது, விலை கேட்டுப் பேசுவது, வாடிக்கையாளரைப் பிடிப்பது என்னுடையது. இருவர் பெயரையும் போட்டு லெட்டர் பேட்கூட அடித்துவிட்டோம். ஷெட் கிடைக்காவிட்டால், பிலாயில் மாமா பார்த்துவைத்திருக்கும் வேலைக்கு அவன் போயாக வேண்டும். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எனக்கு அப்படி ஒரு பிலாயும் இல்லை. கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனங்கள், மெக்கானிக்கல் படித்த பெண்களை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. வேலை கேட்டு நிற்காமல் வேலை கொடுப்பவளாக ஆக எனக்கிருந்த ஒரே வாசல் அந்த ஷெட்டின் ஷட்டர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் மேடைப் பேச்சாளி. வீண் பெருமைக்காகச் சொல்லவில்லை, பயிற்சி பெற்றவள். எங்கள் பேச்சு மன்றத்தில் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். 'ஒட்டி' என்று வந்தால் ஒட்டிப் பேச வேண்டும். 'வெட்டி' என்று வந்தால் வெட்டிப் பேச வேண்டும். தயாரிக்கப் பத்து நிமிடம். சொந்தக் கருத்து என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதை எடுத்துக்கொண்டு மேடையேறியவர்கள் தோற்றுப்போனார்கள். போட்டி முடிந்ததும் குறிப்புக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். அடுத்த போட்டிக்கு மனம் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. நான் மூன்றாண்டுகளில் கிழித்த காகிதங்களுக்குக் கணக்கில்லை. வாங்கிய கோப்பைகள் விடுதி அலமாரியில் இடமில்லாமல் கட்டிலுக்கடியில் கிடந்தன.

கேன்டீன் கூடத்தில் மேசைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பலகையடித்து ஒரு மேடை போட்டிருந்தார்கள். பின்சுவரில், சமையலறையிலிருந்து தட்டு நீட்டுவதற்கான சதுர ஜன்னல். அதன் வழியாக ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கள் தெருவிலிருந்து கேன்டீனில் பரிமாற வரும் பெண்மணி. எனக்கு அத்தை முறை.

"ஏ பாப்பா, நீ இன்னா இங்க?"

"மாநாடு, அத்தை. யூனிவர்சிட்டியிலேர்ந்து வந்திருக்கோம்."

"உங்க மாநாட்டால எங்க ஆளுங்க இன்னிக்கு சைக்கிள் ஸ்டாண்டுல குந்திகினு துண்றாங்க. தூறல் வேற."

"ஒரு நாள்தானே."

"ஒரு நாள்தான், இல்லேன்னு யார் சொன்னா. நீ பேசுவியா?"

"பேசுவேன்."

"பேசு, பேசு. உன் வாய்க்கு இன்னா. அந்த மொதலாளிக்கு ஒறைக்கிற மாதிரி ரெண்டு வார்த்த சேத்துப் பேசு. ஓவர்டைம் பாத்தா ஒரு கிளாஸ் டீ ஊத்தக்கூட வுட மாட்றாரு."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அதை ஒரு முறையீடாக வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கூட்டாளி, பன்னிரண்டு புஷ்களையும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றிவைத்திருந்த பிஸ்கட் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு, என் காதருகே சொன்னான்:

"இன்னிக்கு நீ வாயத் தொறக்காத. புஷ்ஷு பேசும்."

"புஷ் பேசினால் எனக்கு என்ன வேலை?"

"சும்மா நிக்கற வேல. அத ஒரு தபா செஞ்சி பாரு."

பழைய மாணவர்கள் ஏழு பேருக்கும் சால்வை போர்த்தினார்கள். மாநாட்டை ஏற்பாடு செய்திருந்த பேராசிரியர், ஒவ்வொருவரும் எந்த ஆண்டு எந்த வகுப்பில் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதைக்கூடச் சொல்லிப் புகழ்ந்தார். ஆறு பேர் பேசினார்கள். வங்கியில் நின்றது, மின்சார வாரியத்தில் நின்றது, உறவினர் வாசலில் நின்றது என்று எல்லோருடைய கதையிலும் நிற்பதே இருந்தது. கடைசியாக முதலாளி எழுந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனாக்களும் ஒரு சிறு நாட்குறிப்பும். மேசையின்மீது ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வகுப்பில் பேசுவதுபோல் பேசினார்.

"லைசென்ஸ் போச்சு, கோட்டா போச்சுன்னு எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்க. மெஷின் வாங்கிடலாம். பேங்க்காரனைப் பிடிச்சா கடனும் வாங்கிடலாம். ஆளுக்கு என்ன பண்ணுவீங்க? என்னைக் கேளுங்க. இந்தப் பக்கத்து ஆளை நிறுத்தி, மழை எப்ப வரும்னு கேட்டா கரெக்டா சொல்வான். மணி எட்டாச்சான்னு கேட்டா மட்டும் அவனுக்குத் தெரியாது. அதனால என் கம்பெனியில கேட், தோட்டம், கேன்டீன், இதுக்கெல்லாம் லோக்கல். மெஷின்ல கைவைக்கிறவன் வெளியூர். இது ரூல். நீங்க ஆரம்பிச்சாலும் இதையே வச்சுக்கோங்க. பொழைப்பீங்க."

கூடம் சிரித்தது. சென்னைப் பையன்கள் நன்றாகவே சிரித்தார்கள். பின்சுவர் ஜன்னலுக்கு அப்பால் தட்டுகள் ஒன்றோடொன்று இடிபட்டுக்கொண்டிருந்த ஓசை நின்றுபோனது.

அந்த மழை வாக்கியத்தில் ஒரு கட்டு இருந்தது. கோபத்தின் நடுவிலும் என் காது அதைக் கவனித்தது. இப்படிப்பட்ட மனிதருக்கு இது தானாக வந்திருக்காது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கேள்வி நேரம் என்று பேராசிரியர் அறிவித்ததும் நான் எழுந்தேன். கூட்டாளி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்; ஊசி குத்தியிருந்த பெயரட்டை அவன் கையோடு போயிற்று. நான் பெயரில்லாமலே ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றேன்.

"அவையோருக்கு வணக்கம். என் ஊர் வடக்குப்பட்டு. மணி தெரியாத மக்களின் மகள் நான். ஐயா அவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டு அமர்ந்துவிடுகிறேன்.

"இந்தத் தொழிற்சாலைக்குக் கடைக்கால் தோண்டியபோது, வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை முடிய வேண்டும் என்று விடியுமுன் வந்து மண் சுமந்தவர்கள் யார்? அவர்களுக்கு மணி தெரிந்திருந்தது. இன்று காலை நாங்கள் வந்து இறங்கியபோது, இத்தனை பேருக்கும் இட்லி வெந்து தயாராக இருந்ததே, வேகவைத்தவர் யார்? அவருக்கும் மணி தெரிந்திருந்தது. காலையில் எட்டு மணிக்கு ஐயாவின் சங்கு தவறாமல் ஊதுகிறது. எங்கள் ஊர்வரை கேட்கிறது. எட்டு மணி நேரம் முடிந்த பிறகு அது ஏன் ஊதுவதில்லை? இந்த வளாகத்தில் மணி தெரியாதது ஒன்றே ஒன்றுதான், ஐயா. அது உங்கள் சங்கு."

கைதட்டல் எழுந்தது. சற்று முன் சிரித்த அதே பையன்கள்தாம் தட்டினார்கள். எவனோ விசிலடித்தான். ஜன்னலுக்குப் பின்னால் கரண்டியால் வாளியை அடிக்கும் ஓசை கேட்டது. அது எனக்கு எந்தக் கோப்பையையும்விடப் பெரிதாக இருந்தது. திரும்பி நடக்கத் தொடங்கினேன். கூட்டாளி என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த டின்னின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உட்காராதம்மா. அங்கேயே நில்லு," என்றார் முதலாளி.

கைதட்டல் முழுவதும் ஓயும்வரை அவர் காத்திருந்தார். கோபம் அவர் முகத்தில் எங்கும் இல்லை. சட்டைப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, விரலில் எச்சில் தொட்டு, பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் புரட்டினார்.

"நல்லா பேசற. போன வருஷமும் நல்லா பேசின. பேச்சுப்போட்டி ஃபைனலுக்குப் பழைய மாணவன்னு என்னையும் முன்வரிசையில உட்கார வெச்சாங்க. தலைப்பு என்னன்னா, தொழிற்சாலைகள் உள்ளூர் மக்களுக்கே முதலிடம் தரணும்னு. கூடாதுன்னு வெட்டிப் பேசின பொண்ணுக்குக் கோப்பை. அது சொன்னதுல ஒரு வரி பிடிச்சுது, எழுதிக்கிட்டேன். படிக்கிறேன், கேளு."

அவர் வாசித்தார். மேடைத் தமிழை வாசித்துப் பழக்கமில்லாதவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"'ஏரிப் பாசனத்தில் பிறந்தவனுக்கு மழை வரும் நேரம் தெரியும், மணி எட்டானது தெரியாது. அவன் கையில் இயந்திரத்தைக் கொடுப்பது அவனுக்கும் தீங்கு, இயந்திரத்துக்கும் தீங்கு.'"

நாட்குறிப்பை மூடினார்.

"அறிமுகத்துல வடக்குப்பட்டுன்னு சொன்னாங்க. அதான் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் உங்க ஊர்லேர்ந்து மெஷின் வேலைக்கு எழுதிப் போட்டாங்க. எடுக்கல. உன்னால எடுக்கலன்னு சொல்ல மாட்டேன், என் எண்ணம் முதல்லேர்ந்தே அதான். ஆனா வெளியில சொல்றதுக்கு ஒரு கூச்சம் இருந்தது. அவங்க ஊர்ப் பொண்ணே சொல்லுதேன்னு ஆனப்புறம் அந்தக் கூச்சம் போயிடுச்சு."

இன்று அதை எழுதும்போதுகூட எனக்கு அவர்மீது வெறுப்பு குறையவில்லை. ஆனால் அன்று அவர் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியம் என்னுடையது. டப்பாவிலிருந்து 'வெட்டி' என்று வந்தது, பத்து நிமிடத்தில் கட்டினேன், பேசினேன், கோப்பையை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கிழித்தேன். என் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அது சீட்டில் வந்த பக்கம், ஐயா," என்றேன்.

கூடம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து.

"சரி. இன்னிக்கு உனக்கு யாரு சீட்டு கொடுத்தா?"

பேராசிரியர் இடையில் புகுந்து, உணவு இடைவேளை என்றார்.

ஜன்னலில் தட்டை நீட்டியபோது, அத்தை சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், பொரியலை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தை," என்றேன்.

"நீங்க போங்க. பின்னால ஆளு நிக்குது."

பிறந்ததிலிருந்து என்னைப் பாப்பா என்றவள்.

"என்ன அத்தை, நீங்க நாங்கன்னு."

"படிச்சவங்கள அப்பிடித்தான் கூப்புடணும்."

"அது போட்டிக்காகப் பேசினது."

"தெரியுதுங்க. எந்தம்பி எழுதிப் போட்டது போட்டிக்காக இல்லீங்க." அப்பளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "ஐடிஐ படிச்சிட்டு இப்ப கேட்டுல குச்சி புடிச்சிகினு நிக்கறான். காலைல உங்க பஸ்ஸுக்குக் கதவு தொறந்துவுட்டானே, அவந்தான்."

சாப்பாட்டை நான் தின்று முடித்தேன். மீதி வைத்தால் அதற்கும் ஒரு பொருள் சொல்வார்கள் என்று பட்டது.

இரண்டு மணிக்கு எங்களை முதலாளியின் அறைக்கு அழைத்தார்கள். மாதிரி கொண்டுவந்திருந்தவை மூன்று அணிகள். மற்ற இரண்டும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டன. நாங்கள் உள்ளே போனபோது அவர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. டின்னைத் திறந்து, புஷ்களைத் துணியால் துடைத்து, மேசைமேல் விரித்திருந்த ஃபெல்ட் துணியில் வரிசையாக வைத்தார். கைப்பிடியின் இரண்டு முனைகளிலும் உருளைத் துண்டு பொருத்திய அளவுகோல் ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மறுமுனை இறங்கவே கூடாது. அவ்வளவுதான் சோதனை. அதை யாரிடமும் கொடுக்காமல், தாமே ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். அவர் கைகள் என் கண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தன. வலது சுட்டுவிரலில் நுனி இல்லை.

பதினொன்று தேறின. பன்னிரண்டாவதில், இறங்கக் கூடாத முனை பாதிவரை இறங்கியது. அதைத் தனியே உருட்டிவிட்டார்.

"எந்த லேத்?"

"அப்பாவோடதுங்க சார். வாலாஜாபாத். பழைய லேத்து, பெல்ட்டு ஓட்டம்."

"பெல்ட் லேத்துல இந்த ஃபினிஷா?" முதன்முறையாக அவர் குரலில் ஏதோ ஒன்று அசைந்தது. "ஷெட் உனக்கு. திங்கக்கிழமை மெஷினைக் கொண்டாந்து இறக்கு."

"சார், நாங்க ரெண்டு பேரு. பார்ட்னரு." லெட்டர் பேடை எடுத்து மேசைமேல் வைத்தான். அதை அவன் செய்தான் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியது நியாயம்.

"பார்த்தேன். உனக்குன்னுதான் சொன்னேன். இந்தப் பொண்ணுக்கு வேற வேலை வச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "ஆளுங்க விவகாரம் பார்க்கிற பர்சனல் டிபார்ட்மென்ட்ல உட்காரு. வர்ற தீபாவளிக்கு போனஸ் கேட்டுக் கூட்டமா வருவாங்க. கம்பெனி பக்கத்தை எடுத்துச் சொல்ல எனக்கு ஆளில்லை. நான் பேசினா சண்டை வருது. நீ பேசினா கைதட்டறாங்க."

அந்த நேரத்தில் அத்தை மூன்று கிளாஸ் டீயோடு உள்ளே வந்து, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"முடியாது," என்றேன்.

"ஏன்? இதையும் சீட்டுல வந்த பக்கம்னு நினைச்சுக்கோயேன்."

"முடியாது, சார்."

அந்த மறுப்பை ஒரு தியாகமாக இங்கே எழுதிவைக்க எனக்கு விருப்பமில்லை. அறையில் அத்தை இல்லாமல் இருந்திருந்தால், ஒரு நாள் அவகாசம் கேட்டிருப்பேன். அந்த வேலையில் எனக்கு ஒரு மேசையும் ஒரு பதவியும் இருந்தன. எங்கள் வகுப்புப் பெண்கள் எவருக்கும் அதுவரை கிடைக்காதவை. அவள் காலி ட்ரேயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள். நான் மறுத்தது அவள் காதில் விழுந்ததா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

முதலாளி கூட்டாளியைப் பார்த்தார். "நீ?"

அவன் தேறாத புஷ்ஷைக் கையில் எடுத்து, துளையின் உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். எவ்வளவு தடவினாலும் அது திரும்ப இறுகப் போவதில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"நான் எடுத்துக்கறேன் சார்."

வெளியே, அலுவலகத்துக்கும் பின்புற ஷெட்டுக்கும் இடையே இருந்த காலி மனையில், அவனை நிறுத்தினேன். நான்கு மாத உழைப்பைப் பற்றியும், கூட்டு என்ற சொல்லைப் பற்றியும், ஒரு மனிதன் அவமதிக்கப்பட்ட இடத்தில் அவன் தோழன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைப் பற்றியும் அவனிடம் பேசினேன். மூன்று பத்தியாகப் பேசினேன் என்றே சொல்லலாம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே ஏறியது. அவன் தூறலில் நனைந்துகொண்டு முழுவதும் கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"நம் மக்களை அந்த ஆள் இழிவாகப் பேசினான். நீ கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?"

"பேசுனது நீ. அந்தாளு எழுதி வச்சிகினு படிச்சாரு, அவ்ளோதான்."

"அது போட்டி."

"சரி, போட்டி. நீ பேசுனது தப்புன்னு நான் சொல்லல. போன வருசமும் சோக்காத்தான் இருந்திருக்கும். இன்னிக்கும் சோக்காத்தான் இருந்துது. அதான் எனக்கு பயமா கீது. நாளிக்கு ஷெட்ல ஒரு ரிஜெக்‌ஷன் வருது, அப்ப என்னப் பத்தி நீ எந்தப் பக்கம் பேசுவ? அது எனக்குத் தெரியணும் இல்ல?"

"உன்னைப் பற்றி நான் அப்படிப் பேசுவேனா?"

"உங்க ஊரப் பத்தியே பேசுன."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. எடுத்து அடுக்கத் தொடங்கினேன். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஸ்டோருகாரரு மூணு மணிக்குப் பூடுவாராம். சாவி வாங்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் முதுகைப் பார்த்து நான் இன்னும் சில வாக்கியங்கள் சொன்னேன். அவை நல்ல வாக்கியங்கள் அல்ல; இங்கே எழுதத் தக்கவையும் அல்ல. அவன் பட்டறையையும் அவன் அப்பாவையும் பற்றியவை. அவன் நடையை நிறுத்தவில்லை.

பேராசிரியர் கூடத்திலிருந்து குடையோடு வேகமாக வந்தார்.

"எங்கெல்லாம் தேடறது உன்னை? நன்றியுரை உன் பேர்லதான் அச்சாகியிருக்கு. வா, வந்து மரியாதையா நாலு வார்த்தை சொல்லு. பண்ணின வம்பு போதும்."

"நீங்களே சொல்லிவிடுங்கள், சார்."

"கர்வம்டி உனக்கு. படிச்சு என்ன, கோப்பை வாங்கி என்ன. இனிமே இந்த மனுஷன் நம்ம பசங்களை உள்ள விடுவானா?"

"ஒருவனை விட்டிருக்கிறாரே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்தது. இடம் தந்த பெருந்தகைக்கு நன்றி, அரிய நேரத்தை ஒதுக்கிய பழைய மாணவர்களுக்கு நன்றி, அறுசுவை உணவு அளித்த கேன்டீன் ஊழியர்களுக்கு நன்றி.

கூட்டாளி சாவியோடு வந்தான். ஷெட்டின் பூட்டு எளிதாகத் திறந்துகொண்டது. ஷட்டர் திறக்கவில்லை. எத்தனை மாதங்கள் மூடிக்கிடந்ததோ, இரண்டு ஓரங்களிலும் துருப்பிடித்திருந்தது. அவன் ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் சிக்கியது. மறுபக்கம் போய்த் தூக்கினால் இந்தப் பக்கம் கோணிக்கொண்டது. கீழே வைத்திருந்த டின்னை ஓரமாக நகர்த்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். இருபது அடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தான். பிறகு, எச்சில் வாளியை எடுத்துக்கொண்டு சமையலறையின் பின்வாசலில் வந்த அத்தையைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"யக்கா, ஒரு கை குடேன்."

அவள் வாளியை இறக்கிவைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தார்கள். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். முதல் இரண்டு முறையும் அது முழங்கால் உயரம்வரை வந்து விழுந்தது. மூன்றாம் முறை கிறீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டது.

"சின்ன எடமா கீது," என்றாள் அத்தை, உள்ளே எட்டிப் பார்த்து.

அவன் காலடிகளால் அளந்துகொண்டே உள்ளே போனான். நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. சின்ன இடம் அல்ல. இரண்டு லேத்துகளும் ஒரு மேசையும் தாராளமாகப் போடலாம்.